புதிதாக அசெம்பிள் செய்த கணினிக்கு எந்த இயங்குதளம், எந்த உரிமம்?

சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடைகளிலோ உதிரிபாகங்களை வாங்கிக் கணினியை அசெம்பிள் செய்வோர், பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் வாரக்கணக்கில் விலை விசாரித்துவிட்டு, அவற்றின்மேல் ஓடப்போகும் இயங்குதளத்துக்கு மட்டும் பட்டியலில் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. கடைக்காரர் தரும் கொட்டேஷனில் ‘ஓஎஸ் இன்ஸ்டலேஷன் இலவசம்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கவலை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இலவசம் என்பது நிறுவித் தரும் கூலிக்கு மட்டுமே பொருந்தும். உரிமத்தைப் பற்றி அந்த வரி ஒன்றுமே சொல்லவில்லை. லேப்டாப் வாங்குபவருக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை, ஏனென்றால் விண்டோஸின் விலை லேப்டாப்பின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, அதைத் திறக்கும் எழுத்துக் குறியீடான கீயும் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது அதனுள் நிரந்தரமாக இருக்கும் நிரலிலேயே, பதிந்து வருகிறது. அசெம்பிள் செய்த கணினி வெறுமையாக வருகிறது.

அந்த வெறுமையை நிரப்ப இன்று ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன: விண்டோஸின் சில்லறை உரிமம், ஓஇஎம் (கணினித் தயாரிப்பாளருக்கான) உரிமம், சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கப்படும் கீ, விண்டோஸை ஆக்டிவேட் செய்யாமலோ (கீயைச் சரிபார்த்து உயிர்ப்பிக்காமலோ) திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்தோ ஓட்டுவது, இலவச இயங்குதளமான லினக்ஸ். வீட்டுக்காகவோ சிறு தொழிலுக்காகவோ கணினி கட்டும் ஒருவருக்கு உண்மையான தேர்வு சில்லறை உரிமத்துக்கும் லினக்ஸுக்கும் இடையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. ஓஇஎம் உரிமத்துக்கு ஓரளவு இடம் உண்டு. எஞ்சிய இரண்டுக்கும் இல்லை.

முதலில் சில்லறை உரிமத்தையும் ஓஇஎம் உரிமத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நிறுவிய பிறகு இரண்டுக்கும் இடையில் திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. அதே விண்டோஸ் 11, அதே அப்டேட்டுகள். வேறுபாடு உரிமம் எதனோடு கட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஓஇஎம் உரிமம், கணினியைக் கட்டி விற்பவருக்காக வகுக்கப்பட்டது. அது முதலில் நிறுவப்பட்ட கணினியோடு, நடைமுறையில் அந்த மதர்போர்டோடு, நிரந்தரமாகப் பிணைக்கப்படுகிறது. வாடிக்கையாளருக்கு உதவி செய்யும் பொறுப்பும் கட்டி விற்றவரையே சாரும். மதர்போர்டு பழுதாகி அதற்கு மாற்றாக இன்னொன்று பொருத்தப்பட்டால் புதிய உரிமம் தேவையில்லை என்று மைக்ரோசாஃப்ட் விதிவிலக்கு வைத்திருக்கிறது. ஆனால் வேகமான பிராசஸருக்காக மதர்போர்டை நாமே மாற்றினால் அது புதிய கணினியாகவே கணக்கிடப்படும், உரிமமும் அத்தோடு போய்விடும். சில்லறை உரிமத்துக்கு இந்தக் கட்டு இல்லை. பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிய கணினிக்கு எடுத்துச் செல்லலாம். அதை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்திருந்தால், மதர்போர்டு மாற்றிய பிறகு செட்டிங்ஸில் உள்ள ஆக்டிவேஷன் சரிசெய்யும் பகுதிக்குப் போய், வன்பொருளை அண்மையில் மாற்றியதாகத் தெரிவித்து மறுபடி உயிர்ப்பித்துக்கொள்ளலாம்.

அசெம்பிள் செய்த கணினியின் இயல்பை நினைத்தால் இந்த வேறுபாட்டின் கனம் புரியும். இன்று ரேம், இரண்டு ஆண்டில் கிராபிக்ஸ் கார்டு, நான்கைந்து ஆண்டில் மதர்போர்டும் பிராசஸரும் என்று துண்டுதுண்டாக மாற்றிக்கொண்டே போவதற்காகத்தான் பலர் லேப்டாப்பை விட்டு இதன் பக்கம் வருகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு ஓஇஎம் உரிமத்தின் விலைக்குறைவு முதல் பெரிய மாற்றத்தோடு கரைந்துவிடும். அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் தன் கடையில் விண்டோஸ் 11 ஹோம் பதிப்புக்கு 139 டாலரும் புரோ பதிப்புக்கு 199.99 டாலரும் விலை வைத்திருக்கிறது. சிறிய தொகை அல்லதான். அந்தத் தொகையை இரண்டு கணினிகளின் ஆயுளுக்குப் பங்கிட்டுப் பார்க்க வேண்டும். மாறாக, ஓர் அலுவலகத்துக்காகக் கட்டி, பத்து ஆண்டு எதையும் தொடாமல் ஓட்டப்போகும் கணினி என்றால், கட்டித் தரும் கடையே முறையான பில்லோடு தரும் ஓஇஎம் உரிமம் போதும்.

ஹோமா புரோவா என்ற கேள்வியில் அதிகம் தடுமாற வேண்டியதில்லை. வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இந்தக் கணினிக்குள் நுழைய வேண்டும், கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்-வி வேண்டும், அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் சேர்க்க வேண்டும் என்ற தேவைகள் இருந்தால் மட்டும் புரோ, மற்றவருக்கு ஹோம்.

பழைய கணினியின் உரிமம் கையில் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்கலாம். விண்டோஸ் 10-க்காக வாங்கிய சில்லறை கீ, அதே பதிப்பின் விண்டோஸ் 11-ஐயும் உயிர்ப்பிக்கும். லேப்டாப்போடு வந்த உரிமம் அந்த லேப்டாப்பை விட்டு நகராது. விண்டோஸ் 7, 8 கீகளை வைத்துப் புதிய விண்டோஸைத் திறக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டது. விண்டோஸ் 10-ஐயே போட்டுத் தருகிறோம் என்று இன்னும் சொல்லும் கடைகளை ஏற்க வேண்டாம். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

இனி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீகள். மிக அதிகமானோர் ஏமாறும் இடம் இது, அதனால் விரிவாகவே சொல்ல வேண்டும். இவற்றை விற்பவர்கள் ‘அசல் கீ, வாழ்நாள் முழுவதும் செல்லும்’ என்று எழுதுகிறார்கள். கீயை இட்டதும் விண்டோஸும் ஆக்டிவேட் ஆகிவிடுகிறது. வாங்கியவர் மனம் நிறைந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார். இந்தக் கீகளில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்படும் வால்யூம் உரிமத்திலிருந்து கசிந்தவை. ஒரே வால்யூம் கீ குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கணினிகளைத் திறக்கும். அந்த எண்ணிக்கை தீரும்வரை அதையே பலருக்கும் விற்கலாம். உரிமம் பெற்ற நிறுவனமோ மைக்ரோசாஃப்டோ கசிவைக் கண்டுபிடித்துக் கீயை முடக்கினால், அத்தனை பேரின் கணினியும் ஒருசேர உயிரிழக்கும். அதற்கும் மேலே ஒன்று: மேசைக்கணினி விண்டோஸுக்கான வால்யூம் உரிமம் என்பதே மேம்படுத்தலுக்கான உரிமம்தான், ஏற்கெனவே தகுதியான விண்டோஸ் உரிமம் உள்ள கணினிக்கே அது செல்லும். வெறுமையாகப் பிறந்த கணினிக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது.

இந்த வியாபாரத்துக்கு ஆதரவாக ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை விற்பனையாளர்கள் காட்டுவதுண்டு. யூஸ்டுசாஃப்ட் - ஆரக்கிள் வழக்கில் 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஒருமுறை விற்கப்பட்ட மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்று கூறியது உண்மைதான். அதே தீர்ப்பு, விற்பவர் தன்னிடமுள்ள பிரதியைப் பயன்படாதபடி செய்துவிட வேண்டும் என்றும், பலருக்கான உரிமத்தைத் துண்டு போட்டு விற்கக் கூடாது என்றும் சொன்னது. மலிவுக் கீ விற்பவர் இந்த இரண்டில் எதையும் நமக்கு நிரூபித்துக் காட்டுவதில்லை. தவிர, அத்தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தவும் செய்யாது.

ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினியில் என்ன வகை உரிமம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, திறக்கும் சிறு பெட்டியில் ‘எஸ்எல்எம்ஜிஆர்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இட்டு, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் ‘டிஎல்ஐ’ என்று சேர்த்தால் சின்னச் சாளரம் ஒன்று தோன்றும். அதில் பதிப்பின் பெயர், கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் ஆகியவற்றோடு ‘ரீடெய்ல்’, ‘ஓஇஎம்’, ‘வால்யூம்’ என்று உரிமத்தின் வழித்தடமும் எழுதப்பட்டிருக்கும். வீட்டுக் கணினியில் ‘வால்யூம்’ என்று வந்தால் அது முறையான உரிமம் அல்ல என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. ‘ரீடெய்ல்’ என்று வந்தாலும் அதுமட்டும் சான்றாகாது, ஏனென்றால் போலி ஆக்டிவேஷன்களில் சிலவும் அப்படிக் காட்டும். ஜிஎஸ்டி எண்ணுள்ள பில் கையில் இருக்க வேண்டும்.

ஆக்டிவேட் செய்யாமலே ஓட்டினால் வால்பேப்பரை மாற்ற முடியாது, திரையின் வலது கீழ் மூலையில் ஓர் அறிவிப்பு நிற்கும், அப்டேட்டுகள் வந்துகொண்டிருக்கும். தொழில்நுட்ப அளவில் இது பெரிய இடைஞ்சல் இல்லை என்றாலும் உரிம ஒப்பந்தம் இதை அனுமதிக்கவில்லை. நிறுவனங்களுக்கான கேஎம்எஸ் ஆக்டிவேஷன் முறையைப் போலி செய்து விண்டோஸைத் திறக்கும் ஆக்டிவேட்டர்கள் இதைவிட மோசமானவை: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிர்வாகி அனுமதியோடு ஓட்டச் சொல்லும் முன்பின் தெரியாத நிரலை, வங்கிக் கணக்கு திறக்கப்படும் அதே கணினியில் ஓட்டுவது எந்தச் சிக்கனத்துக்காகவும் செய்யத்தக்கதல்ல. தொழில் நடத்துவோர் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவையும் மனத்தில் வைக்க வேண்டும். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. வணிக ஆதாயத்துக்காகப் பயன்படுத்தாதவருக்குச் சிறையின்றி 50,000 ரூபாய் வரையிலான அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமளிக்கப்பட்டுள்ளது.

லினக்ஸ் பக்கம் வந்தால் உரிமம் பற்றிய இந்தப் பேச்சு முழுவதும் ஓய்ந்துவிடுகிறது. உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், ஃபெடோரா ஆகியவற்றில் எதையும் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவலாம், மதர்போர்டை எத்தனை முறையும் மாற்றலாம். 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04-க்கு ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு; அதையே அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22-க்கும் 2029 வரை ஆதரவு உண்டு. ஆகவே இங்கே விலையை விட்டுவிட்டு வேலையைத்தான் ஒப்பிட வேண்டும். டாலியில் கணக்கு எழுதுபவர், அடோபி மென்பொருள்களில் வடிவமைப்பவர், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களோடு பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தார் ஆகியோர் விண்டோஸை விட முடியாது. அவர்கள் சில்லறை உரிமம் வாங்குவதே நேர்வழி. வலோரண்ட் என்ற இணைய விளையாட்டை ஆடுபவருக்கும் வேறு வழியில்லை, அதன் ஏமாற்றுத் தடுப்பு நிரல் லினக்ஸில் ஓடாது. மற்றப்படி ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட 2018-இல் வந்த புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக லினக்ஸிலேயே ஓடுகிறது. உலாவி, லிப்ரே ஆபிஸ், நிரலெழுத்து, யூனிகோடில் தமிழ் எழுத்து என்று இருப்பவர்களுக்கு லினக்ஸில் எந்தக் குறையும் இல்லை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கிடைக்கிறது.

நிறுவும் வேலையில் எது எளிது என்றால், எனக்கு லினக்ஸ் என்றே தோன்றுகிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 (மறைவிசைகளைக் காக்கும் பாதுகாப்பு அமைப்பு), செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டுமே தொடங்கவிடும் வசதி) இரண்டும் புதிய மதர்போர்டுகளில் இருக்கும்; மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் டிபிஎம்மை இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் காணலாம். இடறல் வருவது நெட்வொர்க்கில்தான். விண்டோஸ் நிறுவலின் நடுவே இணைய இணைப்பு கேட்கப்படுகிறது. மதர்போர்டிலுள்ள புதிய வைஃபை சிப்புக்கான டிரைவர் நிறுவல் பென் டிரைவில் இருக்காது. வைஃபை பட்டியல் காலியாக நிற்க, அடுத்த கட்டத்துக்குப் போகும் பொத்தான் மங்கிக் கிடக்கும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி போனின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கைத் திறந்தால் பெரும்பாலும் இந்தத் தடை நீங்கிவிடும். இல்லாவிட்டால் வைஃபை டிரைவரை மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்கூட்டியே இன்னொரு பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும்.

கடையிலேயே விண்டோஸ் நிறுவச் சொல்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் வட்டு தானாகவே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. கடைக்காரர் தம் கணக்கைப் போட்டு நிறுவியிருந்தால் மீட்பு எண்ணும் அவருடைய கணக்கில்தான் இருக்கும். பின்னொரு நாள் பயாஸை அப்டேட் செய்தபின் அந்த எண்ணைக் கணினி கேட்டால், நம் படங்களும் கோப்புகளும் நமக்கே பூட்டப்பட்டுவிடும். கணக்கு போடும் கட்டத்தில் நாமே எதிரே உட்கார்ந்து நம் கணக்கை இட வேண்டும்.

லினக்ஸிலும் இடறல் உண்டு. அது, வன்பொருளோடு பேசும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் வயதைப் பொறுத்தது. உபுண்டு 24.04 முதலில் வந்தது 6.8 கெர்னலோடு, 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 கார்டை அது அறியாது. பாகங்கள் அண்மைக்காலத்தவை என்றால் அதே பதிப்பின் கடைசித் திருத்த வெளியீட்டையோ, ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கப்படும் ஃபெடோராவையோ எடுப்பது நல்லது. என்விடியா கார்டு உள்ளவர்கள், செக்யூர் பூட் இயங்கும்போது நிறுவல் நிரல் கேட்கும் கடவுச்சொல்லைக் குறித்து வைக்க வேண்டும். மறுதொடக்கத்தில் நீலத் திரை தோன்றி அதைத் திரும்பக் கேட்கும். அதைப் பிழை என்று எண்ணிக் கடந்துவிட்டால் டிரைவர் ஏறாது, திரை மங்கலான தரத்தில் நிற்கும்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் வைக்க விரும்புவோர் தனித்தனி எஸ்எஸ்டியில் நிறுவுவதே பாதுகாப்பானது. விண்டோஸ் நிறுவும்போது மற்ற எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்தால், விண்டோஸ் தன் பூட் பகுதியை, அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் பகுதியை, தவறான வட்டில் போய் எழுதாது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டுவதைக் கண்டு பலரும் மதர்போர்டு பேட்டரியைச் சந்தேகிக்கிறார்கள். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் எழுதுவதால் வருவது அது. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸில் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம்.

பணம் கட்டும் முன் ஒரு மாலை நேரத்தைச் செலவிடலாம். மின்ட்டை பென் டிரைவில் ஏற்றி, எஸ்எஸ்டியில் எதையும் எழுதாமல், பென் டிரைவிலிருந்தே புதிய கணினியை ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, தூங்க வைத்தால் விழிக்கிறதா, நம் பிரிண்டர் அச்சிடுகிறதா என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். உங்கள் அன்றாட வேலைகளில் எது அங்கே நடக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். நடக்காத அந்த வேலை உங்களுக்குச் சோறு போடும் வேலை என்றால், மறுநாள் பில்லோடு சில்லறை உரிமம் வாங்கிக்கொள்ளலாம்.