மெலியிறதுக்கு ‘நல்ல பக்டீரியா’ பவுடர் வாங்குற திருகோணமலை ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ

எனக்கு 47 வயசு, 82 கிலோ. ஆறு வருசமா பிறஷர் குளிசை போடுறன். போன மாசம் ஒரு வட்ஸ்அப் குழுவில இந்தப் பவுடரைப் பற்றிப் பார்த்தன். குடலுக்குள்ள நல்ல பக்டீரியா கூடினா கொழுப்புத் தானாக் கரையுமாம், பக்க விளைவே இல்லையாம். 30 பைக்கற் 9,800 ரூபா. வித்தவர் உச்சி வெயிலுக்குள்ள மோட்டார் சைக்கிள்ல கொண்டுவந்து உவர்மலையில எங்கட கேற்றடியில தந்திட்டுப் போனார். உயிருள்ள பக்டீரியா எண்டா இந்த வெக்கையில தாங்குமோ எண்டு அப்பவே கேட்டிருக்க வேணும்.

பத்து நாளில மூண்டு கிலோ இறங்கிச்சுது. பசியே இல்லை. ஆனா இரவில நித்திரையும் இல்லை. வாய் காய்ஞ்சு நாக்கு அண்ணத்தில ஒட்டும். சும்மா இருக்கேக்கையே நெஞ்சு படபடக்கும். வித்தவருக்குக் கோல் எடுத்தன். “அக்கா, உடம்பில கிடந்த கழிவு வெளியில போகுது, பயப்பிடாதேங்கோ. இடையில நிப்பாட்டினா கூடிப்போகும்” எண்டார். நம்பிக் குடிச்சன்.

19ஆம் நாள் விடிய கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிட்டன். கோட்டை வாசல் தாண்டின ஏற்றத்தில மூச்சு வாங்கி, மதிலைப் பிடிச்சபடி இருந்திட்டன். மகன் ஆட்டோவில ஆசுபத்திரிக்குக் கொண்டு போனான். பிறஷர் 180க்கு 110.

டொக்டர் பிள்ளை பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தா. “அம்மா, நல்ல பக்டீரியாவால பத்து நாளில மூண்டு கிலோ இறங்காது” எண்டா. ஆய்வுகளில நிறை குறைஞ்ச இடத்திலயும் கிழமைக் கணக்காக் குடிச்சுச் சராசரியா ஒரு கிலோ கூட வராதாம். பசியை அடக்கிற சிபுட்ரமின் எண்ட மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுது எண்டு 2010இல ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் நிப்பாட்டினவை. அதை ‘இயற்கை’ எண்டு விக்கிற மெலிவுச் சாமான்களில ஒளிச்சுக் கலந்து இண்டைக்கும் பிடிபடுதாம். பிறஷரையும் நாடித் துடிப்பையும் ஏத்தும், நித்திரையைக் கெடுக்கும், வாயைக் காய வைக்கும். என்ர பைக்கற்றில அதுதான் இருந்தது எண்டு நான் சொல்ல வரேல்லை, பரிசோதிக்கேல்லை. நிப்பாட்டி நாலாம் நாள் படபடப்பு நிண்டிட்டுது.

உண்மையான சாமான் எண்டா எந்த வகை பக்டீரியா, காலாவதி மட்டும் எத்தினை கோடி உயிரோட இருக்கும் எண்டு லேபலில போட்டிருக்க வேணுமாம். என்ர பெட்டியில ‘100% இயற்கை’ எண்டதைத் தவிர ஒண்டும் இல்லை. காலாவதித் திகதி ஒரு ஸ்டிக்கர். நகத்தால உரிச்சன். கீழ இன்னொரு திகதி, அது எப்பவோ முடிஞ்சு போச்சு.

நல்ல சாமானெண்டாலும் எல்லாருக்கும் ஒத்துவராது. கடுமையான கணைய அழற்சி (கணையம் வீங்கிற வருத்தம்) உள்ள ஆக்களுக்கு நல்ல பக்டீரியாவைக் குடுத்து நெதர்லாந்தில செய்த ஆய்வு 2008இல வெளிவந்தது. குடிச்ச ஆக்களில 24 பேர் செத்திச்சினம், குடிக்காத பக்கம் 9 பேர். புற்றுநோய்க்கு மருந்து ஏத்துற ஆக்கள், நோய் எதிர்ப்புக் குறைஞ்ச ஆக்கள் டொக்டரைக் கேக்காமல் தொடவே கூடாது. குறைமாதக் குழந்தையளுக்கு நீங்களா வாங்கிக் குடுக்காதேங்கோ.

காசைத் திருப்பிக் கேட்டன். குழுவில இருந்து என்னைத் தூக்கிப் போட்டார். பாவனையாளர் அதிகார சபையின்ர 1977 எண்ட இலக்கத்துக்குக் கோல் அடிச்சு முறைப்பாடு குடுத்திருக்கிறன். மிச்சம் 11 பைக்கற்றும் உரிச்ச ஸ்டிக்கரும் என்னட்டப் பத்திரமா இருக்கு. வெள்ளிப் பைக்கற், பச்சை இலைப் படம். உங்கட வீட்டில ஆரும் இதைக் குடிக்கினம் எண்டா இண்டைக்கே நிப்பாட்டி, பெட்டியோட டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ.