கதவு திறந்தது, யன்னல் திறக்கவில்லை: லொத்தர் பரிசு அலுவலகம் ஒன்றின் சேவை

கொவிட் பரவலைக் கட்டுப்படுத்த இலங்கையில் 2021 ஓகஸ்ட் 20 ஆம் திகதி இரவு பிறப்பிக்கப்பட்ட ஊரடங்கு ஒக்டோபர் 1 ஆம் திகதி அதிகாலை நீக்கப்பட்ட பின்னர், யாழ்ப்பாண நகரில் லொத்தர் பரிசு வழங்கும் அலுவலகம் ஒன்று மீண்டும் இயங்கத் தொடங்கியது. உறவினர் ஒருவரின் சீட்டுக்காக அவருடன் அங்கு சென்று வந்ததன் அடிப்படையில் இதனை எழுதுகிறேன்.

சிறு பரிசுகளைச் சீட்டு விற்பவரே கையில் தந்துவிடுவார். அலுவலகத்தை நாடி வருவோர் பெரிய தொகைக்கு உரியவர்கள். சீட்டையும் தேசிய அடையாள அட்டையையும் நேரில் காட்டியாக வேண்டியவர்கள். ஆறு வாரங்களாகச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர்கள் திறந்தவுடன் திரண்டு வருவார்கள் என்பது எவரும் ஊகிக்கக்கூடியதே. அப்படியிருந்தும் இலக்கத் துண்டு கொடுக்கவோ நேரம் ஒதுக்கவோ எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. உள்ளே ஒரு மீற்றர் இடைவெளியில் மஞ்சள் நாடா ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் வாசலுக்கு வெளியே, வெயிலுக்கு ஒதுங்கக்கூடிய ஒரேயொரு கூரைத் துண்டின் கீழ், முதியவர்கள் தோளோடு தோள் உரசி நின்றார்கள்.

வாசலில் கைகழுவும் தொட்டியும் சவர்க்காரமும் வைத்திருந்தமை பாராட்டுக்குரியது. அதற்கு அடுத்தபடியாகச் செய்ததுதான் விளங்கவில்லை: காவலாளி ஒவ்வொருவரின் சீட்டையும் வாங்கி இரு பக்கமும் கிருமிநாசினி தெளித்தார். சீட்டின் பின்புறம் குமிழ்முனைப் பேனாவால் இட்ட கையொப்பம் அற்ககோல் பட்டதும் நீலமாகக் கசிந்து பரவியது. உறவினரின் முகம் கறுத்துவிட்டது. பரிசுக்குரிய ஒரே சான்றைக் கழுவிவிட்டு உரிமையாளரை எப்படி உறுதிப்படுத்துவது? கொவிட் கிருமி படிந்த பரப்பை ஒரு தடவை தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே கூறியிருந்தது. தொற்று பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியாகவே பரவுகிறது. அப்படியிருக்க, உள்ளே யன்னல்கள் அனைத்தையும் இறுகச் சாத்தி குளிரூட்டியை இயக்கியிருந்தார்கள். படிவம் நிரப்பக் காத்திருந்த எல்லோரும் அந்த ஒரே காற்றையே சுவாசித்துக்கொண்டிருந்தோம்.

கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கசிந்த கையொப்பத்தைப் பார்த்ததும் அவர் தயங்காமல், சீட்டின் இலக்கத்தையும் பட்டைக் குறியீட்டையும் இயந்திரத்தில் சரிபார்த்து, அடையாள அட்டையுடன் ஒப்பிட்டு, புதிய படிவத்தில் மறுபடியும் கையொப்பம் வாங்கினார். கட்டிவைத்த பேனா ஒன்றை எல்லோரும் மாறி மாறிப் பிடிக்காமல் சொந்தப் பேனாவைப் பயன்படுத்தும்படி சொன்னவரும் அவரே.

பூட்டியிருந்த காலத்தில் காலாவதியாகும் சீட்டுகளுக்கு அவகாசம் நீடிக்கப்படுமா என்பதே வரிசையில் நின்ற பலரின் கவலை. அதற்கான விளக்கம் கதவில் ஒட்டப்பட்டிருந்தது, சிங்களத்தில் மட்டும். உத்தியோகத்தர் அதனை ஒவ்வொருவருக்கும் வாய்மொழியாக விளக்கிக்கொண்டிருந்ததாலேயே வரிசை மேலும் நீண்டது. யன்னலைத் திறப்பதற்கும் தமிழில் ஒரு தாள் ஒட்டுவதற்கும் கொழும்பின் அனுமதி தேவைப்பட்டிராது.