30 மில்லி பழுப்புக் கண்ணாடிப் போத்தல்: மூடியைப் பார்த்து வாங்குங்கள்

கோலாலம்பூரில் பூடு வட்டாரத்துப் பக்கத்தில் சோப்பு, அத்தர், மெழுகுவத்தி செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் 30 மில்லி பழுப்புக் கண்ணாடிப் போத்தல் கிடைக்கிறது. ஒன்று ஏறக்குறைய 2 வெள்ளி (ரிங்கிட்), டஜனாக எடுத்தால் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள். அவர்கள் விற்பது வாசனை எண்ணெய்க்கு. நான் வாங்கியது சாராய மாதிரிகள் வைக்க.

யாரும் உடனே போலீசுக்குப் போன் போட வேண்டாம். காய்ச்சுவது நான் இல்லை, நியூசிலாந்தில் ஹேமில்டனில் இருக்கும் என் மச்சான். அங்கே 1996 முதல் சொந்தத் தேவைக்கு வீட்டில் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. இங்கே மலேசியாவில் 1976 கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம், அதனால் என் அலமாரியில் இருப்பதெல்லாம் வரி கட்டிய கடைச் சரக்கு மட்டும்தான்: ரம், இலங்கைத் தென்னஞ்சாராயம், சில விஸ்கி. அவரைப் பார்க்கப் போனபோது காலிப் போத்தல்களில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் நடுப்பகுதியில் ஒரு போத்தல், வால் பகுதி, அதாவது கடைசியில் வரும் மட்டமான சரக்கு, தொடங்கும் இடத்தில் ஒரு போத்தல், ஓக் கட்டை போட்டு ஊறியபின் ஒரு போத்தல் என்று எடுத்து வைக்கிறார். முதலில் வரும் பகுதி நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி நெடியடிக்கும், அதை எல்லோருக்கும் தெரியும். நடு எங்கே முடிகிறது, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை எங்கே தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். போன வருஷம் எங்கே வெட்டினோம் என்று மூக்குக்கு ஞாபகம் இருக்காது, பழைய போத்தலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

சரி, போத்தலுக்கு வருவோம். கண்ணாடி கனமாக இருக்கிறது, வாயில் பிசிறு இல்லை, நிறமும் நல்ல அடர்த்தி. ஓக் நிறம் ஏறிய சரக்கை வெள்ளைக் கண்ணாடியில் ஜன்னலோரம் வைத்தால் நாளாக நாளாக வெளுத்துவிடும், இதில் அந்தக் கவலை குறைவு. குறை சொல்ல வேண்டியது மூடியைத்தான்.

மூன்று விதம் தருகிறார்கள். ரப்பர் தலை வைத்த சொட்டு மூடியைத்தான் கடைக்காரர் முதலில் நீட்டுவார், பார்க்க அழகு வேறு. எண்ணெய்க்குச் சரி, சாராயத்துக்குக் கூடவே கூடாது. 60 விழுக்காட்டுச் சரக்கின் ஆவி மேலே ஏறி ரப்பரை இளக்கிவிடுகிறது. அப்படி வைத்த ரம்மைத் திறந்தால் வெல்லப்பாகு வாசனைக்கு முன்னால் புது டயர் வாசனை வந்து நிற்கிறது. அட்டைத் தகடு ஒட்டிய மூடி இரண்டாவது, அது ஈரம் பட்டதும் ஊறிப் பிரிகிறது. மூன்றாவது, மூடிக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் கூம்பு இருப்பது. திருகினால் கூம்பு போத்தல் வாய்க்குள் இறங்கி அமுங்குகிறது, கடைசிச் சுற்றில் கைக்கே ஒரு பிடிப்பு தெரியும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசில் அவ்வப்போது நிறுத்துப் பார்க்கிறேன்: சொட்டு மூடிப் போத்தல் எடை குறைந்துகொண்டே போகிறது, கூம்பு மூடி அசையவில்லை. கழுத்து வரை நிரப்புங்கள், அரைப் போத்தல் காற்றோடு வைத்தால் எந்த மூடியாலும் காப்பாற்ற முடியாது.

ஆன்லைனில் ஒருவரிடம் இதே போத்தல் என்று சொல்லி வாங்கினேன், கூம்பு மூடிப் படம் போட்டுவிட்டு அட்டை மூடி அனுப்பியிருந்தார், பணமும் திரும்பவில்லை. நேரில் போய்த் திருகிப் பார்த்து வாங்குவதே நல்லது.

கடையில் இலவசமாகத் தரும் லேபிளைத் தூக்கிப் போடுங்கள். ஊற்றும்போது ஒரு சொட்டு வழிந்தாலே பேனா மை நீலமாகக் கரைந்து ஓடும், மார்க்கரும் அப்படித்தான். மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் எழுதினால் அழியாது. வலிமையோடு அன்றைய வெப்பநிலையையும் எழுதுங்கள், ஏனென்றால் வலிமையை அளக்கும் சாராயமானி என்ற மிதவைக் கருவி பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு போட்டது. நம் ஊர் 30 டிகிரியில் உண்மையான 40 விழுக்காட்டுச் சரக்கு கிட்டத்தட்ட 44 என்று காட்டும். மச்சானும் நானும் போனில் எண்களை ஒப்பிட்டுச் சண்டை போட்டதெல்லாம் இதனால்தான்.

முகரும்போது கொஞ்சம் வேறு கிளாசில் ஊற்றி, தண்ணீர் விட்டு 20 விழுக்காட்டுக்குக் கொண்டு வாருங்கள், நெடி அடங்கிப் பின்னால் ஒளிந்திருப்பது வெளியே வரும். போத்தலில் இருப்பதைக் கலக்காதீர்கள். அடுப்புப் பக்கமும் வேண்டாம்: 40 விழுக்காட்டுச் சரக்கின் ஆவி 26 டிகிரியிலேயே தீப்பொறி பட்டால் பற்றும், நம் வீட்டுக்குள் எப்போதும் அதற்கு மேல்தான். இன்னொன்று, மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்ததை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் கள்ளச்சரக்கு குடித்து எத்தனை பேர் போனார்கள் என்பது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். யாரோ கொடுத்த சரக்கை மாதிரி வரிசையோடு ஒப்பிட்டு நல்லது கெட்டது சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

10 மில்லியிலிருந்து 100 மில்லி வரை இந்த வகைப் போத்தல்களுக்கெல்லாம் கழுத்து ஒரே 18 மில்லிமீட்டர் அளவு, அதனால் கூம்பு மூடி மட்டும் தனியாக ஒரு பை வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடைக்காரரிடம் கேட்டால் பின்னால் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவார், கண்ணாடி அலமாரியில் வைக்கமாட்டார். ஞாயிறு கடை அடைப்பு.