42,000 ரூபாய்: ஏசியா, வாஷிங் மெஷினா?

2025 ஏப்ரலில், மாதா மாதம் கட்டி வந்த என்னுடைய ஆர்.டி. முதிர்ந்தது. அதோடு என் கணவருடைய போனஸில் செலவாகாமல் தப்பித்ததையும் சேர்த்து எண்ணினால் 42,000 ரூபாய். குரோம்பேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே வாடகை வீடு. ஐந்து பேர். துணி துவைப்பது நான்.

என்ன வாங்கலாம் என்று சாப்பிடும்போது பேச்சு வந்தது. அவர், மகள், மகன் மூன்று பேரும் யோசிக்கவே இல்லை: ஏசி. அத்தை தங்கக் காசு என்றார். வாஷிங் மெஷின் என்றது நான் ஒருத்திதான். "அது இப்ப அவசரமா என்ன?" என்று கேட்டார் அவர். கேட்டுவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அத்தையின் தங்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த ஏப்ரலில் பவுன் 70,000-ஐத் தாண்டியிருந்தது. எங்கள் காசுக்கு நான்கு கிராமும் சொச்சமும் வந்திருக்கும். வெறும் லாபக் கணக்கு பார்த்தால் அத்தைதான் ஜெயித்தார். வருஷக் கடைசியில் பவுன் ஒரு லட்சத்தைத் தொட்டதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். ஆனால் பீரோவில் இருக்கிற காசு துணியும் துவைக்காது, அறையையும் குளிர்விக்காது. அதனால் அதைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

மீதி இரண்டில் எது தேவை, எது ஆசை? வீட்டுக் கணக்கு நோட்டில் இந்த இரண்டு தலைப்பும் எனக்கு உண்டு. கல்யாணமான வருஷத்திலிருந்து எழுதுகிறேன். அன்று இரவு பழைய பக்கங்களைப் புரட்டினேன். பைக் சர்வீஸ், தேவை. பைக்குக்குப் புது சீட் கவர், அதுவும் தேவை. மிக்ஸி ஜாருக்கு பிளேடு மாற்றியது ஆசைப் பக்கத்தில் இருந்தது. என் கையால் நானே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன்.

ஏசியில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவில் எங்கள் மேல் விடும். மே மாதம் பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன மாதிரி இருக்கும். ஃபேன் அந்தக் காற்றைத்தான் சுற்றி அடிக்கிறது. மகள் அந்த வருஷம் பத்தாம் வகுப்புக்குப் போக இருந்தாள். ஏர் கூலர் பாதி விலைக்கும் கீழே கிடைக்குமே என்று கேட்பீர்கள். வேலூர், திருச்சி மாதிரி காய்ந்த வெயில் அடிக்கிற ஊருக்கு அது சரி. கூலர் குளிர்விப்பது தண்ணீர் ஆவியாவதால்தான். சென்னையில் காற்றே நனைந்து கிடக்கிறது, அதில் இன்னும் எவ்வளவு ஆவியாகும்? எதிர் வீட்டில் ஒன்று வாங்கினார்கள். இரண்டு வாரத்தில் மெத்தையெல்லாம் பிசுபிசு என்று ஆகி, இப்போது அதன் மேல் அயர்ன் துணி வைக்கிறார்கள்.

விலைக்கு வருகிறேன். கடையில் ஒரு டன், மூன்று ஸ்டார் ஏசி 35,800 ரூபாய். அந்த விலையோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஸ்டெபிலைசர் 2,400. மாட்டுகிற கூலி 1,600. வெளியே இருக்கும் பெட்டிக்கு ஸ்டாண்ட் 900. எங்கள் படுக்கையறையில் ஏசிக்குத் தேவையான 16 ஆம்ப் பாயிண்ட் கிடையாது. எலெக்ட்ரீஷியன் தனி லைன் இழுக்க 1,800 கேட்டார். கூட்டினால் 42,500. கையில் இருந்ததைவிட 500 கூட. இதில், சுவரில் ஓட்டை போட வீட்டு ஓனர் சம்மதிக்க வேண்டும். வீடு மாறினால் கழற்றி மாட்டி கேஸ் நிரப்ப வேறு செலவு.

அசல் விஷயம் கரண்ட் பில்லில் இருக்கிறது. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் வாக்கில் ஓடும். அப்போதிருந்த 100 யூனிட் இலவசம் போக, 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி சுமார் 890 ரூபாய் வந்தது. ஒரு இரவுக்கு எட்டு மணி நேரம் ஏசி ஓடினால் ஐந்து யூனிட் என்று வைத்துக்கொண்டேன். அறுபது நாளுக்கு 300. மொத்தம் 640 யூனிட். கூடுதல் 300-க்கு மட்டும்தான் காசு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அந்தக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய உடனே 101-லிருந்து 200 வரைக்கும் இருக்கிற மலிவு விலை பறிபோகிறது. அதாவது கீழே இருக்கிற யூனிட்டுக்கும் விலை ஏறுகிறது. 500-இல் நின்றால் சுமார் 1,805 ரூபாய். 501-ஆனால் 2,050-க்குப் பக்கம். அந்த ஒரு யூனிட்டுக்கு 240 ரூபாய்! 640-க்கு வந்த கணக்கு கிட்டத்தட்ட 3,260. ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும், அதுவும் இரவில் மட்டும் போட்டாலே வருஷத்துக்கு 4,700 ரூபாய் கூடுதல். சர்வீஸ் தனி.

இதைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். அப்புறம், "மாதா மாதம் கொஞ்சமாக் கட்டலாமே, வட்டியே இல்லையாம்" என்றார். கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. வங்கிகள் கிரெடிட் கார்டு பாக்கிக்கு பூஜ்ய வட்டித் திட்டம் நடத்துவதை ரிசர்வ் வங்கி 2013-லேயே நிறுத்திவிட்டது. இப்போது நடப்பது என்னவென்றால், வட்டி போடுகிறார்கள், அதே அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்ததாகக் காட்டுகிறார்கள். அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. நம் தலையில். தவணையாக மாற்ற வங்கி கேட்கிற கட்டணமும் பெரும்பாலும் நம்முடையதுதான். சரி, அது சில நூறு ரூபாய். மொத்தமாகக் காசு கொடுத்தால் எவ்வளவு என்று நான் கேட்டபோது அதே ஏசிக்கு 1,300 குறைத்தார்கள். தவணைக்காரருக்கு அது கிடையாது. நிஜமான வட்டி அந்த 1,300-இல் இருந்தது.

வாஷிங் மெஷின் பக்கம் வருவோம். ஏழு கிலோ, மேலே மூடி திறக்கிற முழு ஆட்டோமேட்டிக் 17,500. ஸ்டாண்டும் குழாய் மாட்டுகிற சாமானும் சேர்த்து 18,750. முன்பக்கம் கதவு வைத்தது துணியை நன்றாகப் பார்த்துக்கொள்ளும், தண்ணீரும் பாதிதான் குடிக்கும். ஆனால் விலை பத்தாயிரத்துக்கு மேல் கூட, வெந்நீர் போட்டுத் துவைத்தால் ஒரு தடவைக்கு ஒரு யூனிட்டு வரை போய்விடும். செமி ஆட்டோமேட்டிக் இன்னும் மலிவு. அதில் துணியை இந்தத் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்கு நான்தான் தூக்கிப் போட வேண்டும்; பாதி வேலை என் தலையிலேயே நிற்குமென்றால் எதற்கு?

கரண்ட் பில்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பச்சைத் தண்ணீரில் ஓடும்போது ஒரு தடவைக்கு கால் யூனிட்டுக்கும் குறைவு. மாதம் இருபது தடவை போட்டாலும் ஐந்து யூனிட். தண்ணீர்தான் தொல்லை. ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் இழுக்கிறது. நான் கையில் துவைத்தால் நாலைந்து வாளியில் முடிப்பேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, வாளியின் ஓரத்திலேயே வெள்ளைப் படலம் நிற்கும். உப்பு நீக்குகிற பவுடர், மெஷினுக்கென்று நுரை குறைந்த சோப்பு என்று மாதம் 150 ரூபாய் கூடுதல் ஆகிறது. சட்டைக் காலரை இன்றும் கையால்தான் தேய்க்கிறேன். மெஷின் எல்லாத்தையும் செய்யும் என்று யாராவது சொன்னால் அவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பையன் இல்லை என்று அர்த்தம்.

துவைக்க ஓர் அக்காவை வைத்துக்கொள்ளலாமே என்றார் அத்தை. முன்பு வைத்திருந்தோம்தான், மாதம் 1,500. வருஷத்துக்கு 18,000, அதாவது கிட்டத்தட்ட மெஷின் விலை. அதைவிட, அந்த அக்கா விட்டுவிட்டுப் போனதே முழங்கால் வலியால்தான். என் இடுப்பு வலியை இன்னொருத்தருக்கு மாற்றிவிட எனக்கு மனசு வரவில்லை.

இந்த இடுப்பு வலி எந்தக் கணக்கிலும் வராது. அதனால் ஒரு வாரம் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். வாரத்துக்கு நான்கு நாள், நனைத்து, அடித்து, அலசி, பிழிய ஒவ்வொரு தடவையும் ஒன்றேகால் மணி நேரம். போர்வை போட்ட நாள் இரண்டைத் தொட்டது. 2024-ஆம் வருஷ மத்திய அரசு நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்திருக்கிறது. அந்த 88-க்காரர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஏசிக்கு மூன்று ஓட்டு விழுந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஏசி இல்லாவிட்டால் ஐந்து பேருக்கும் வேர்க்கும். மெஷின் இல்லாவிட்டால் ஒருத்திக்கு மட்டும் வலிக்கும். ஓட்டெடுப்பு நடத்தினால் ஏசிதான் ஜெயிக்கும், எந்த வீட்டிலும்.

அரசாங்கம் இதை எப்படிப் பார்க்கிறது என்றும் தேடினேன். வாஷிங் மெஷின் 2018 ஜூலையிலேயே 28 சதவீத ஜி.எஸ்.டி.யிலிருந்து 18-க்கு இறங்கிவிட்டது. ஏசி 28-லேயே கிடந்தது. "பார்த்தீர்களா, கவர்ன்மெண்டே சொல்லுது" என்று அவரிடம் காட்டப் போனேன். நல்லவேளை, முழுசாகப் படித்தேன்: அதே 28 சதவீதத்தில் சிமெண்டும் இருந்தது. சிமெண்டு ஆடம்பரம் என்றால் நாமெல்லாம் குகையில்தான் இருக்க வேண்டும். அந்த வாதத்தைக் கைவிட்டேன்.

நம் ஊர் அரசியல் இதைவிட நல்ல பாடம். 2006-இல் தி.மு.க. ஆட்சி இலவச கலர் டிவி கொடுத்தது. 2011-இல் அ.தி.மு.க. ஆட்சி மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. இரண்டையும் இலவசம் என்று ஒரே மூச்சில் திட்டியவர்கள் உண்டு. என் அம்மா வீட்டில் டிவி வந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள், அம்மாவைத் தவிர. கிரைண்டர் வந்த பிறகுதான் அம்மாவும் உட்கார்ந்தார். அதுவரை ஆட்டுக்கல் முன்னால் ஒரு மணி நேரம். இன்று தமிழ்நாட்டில் யாரும் கிரைண்டரை ஆடம்பரம் என்று சொல்வதில்லை. மாவு பாக்கெட் வாங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

ஜூனில் மெஷின் வந்தது. மிச்சக் காசில் பழைய ஃபேன் இரண்டைக் கழற்றிவிட்டு, கரண்ட் கம்மியாக இழுக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினேன், இரண்டும் 5,800. பழையது 75 வாட், புதுசு 30 வாட். ஒரு நாளைக்கு பதினாலு மணி நேரம் ஓடுகிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 75 யூனிட் மிச்சம். மெஷின் தின்கிற பத்து யூனிட் போக, பில் 300 ரூபாய் வாக்கில் இறங்கியது. ஓனரிடம் பேசி மொட்டை மாடிக்கு, வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிக்க வைத்தோம். பாதிச் செலவு நாங்கள், 3,500. குளுகுளு என்றெல்லாம் ஆகிவிடவில்லை. சுவர் தோசைக்கல்லாக இருந்தது, சாம்பார் இறக்கி வைத்த பாத்திரமாக ஆனது, அவ்வளவே.

இது எங்கள் வீட்டுத் தீர்ப்புதான். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் இருக்கிற வீட்டில் நான் ஏசிக்குத்தான் கை தூக்குவேன், இரண்டாவது யோசனையே இல்லை. வெயில் தாங்காத வயசானவர்கள், கைக்குழந்தை, இதய நோயாளி இருக்கிற மாடி வீட்டுக்கும் அப்படியே. சொந்த வீடாக இருந்து, துவைக்கிற வேலை நாலு பேருக்குப் பிரிந்திருந்தால் ஏசி முதலில் வரட்டும். அப்படிப் பிரிந்திருக்கிற வீடு ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் ஜி.எஸ்.டி. 18 ஆனது. 35,800-க்குப் பார்த்த அதே ஏசி 33,000-க்கு வந்தது. "பார்த்தியா, நான் வாங்காம இருந்தது நல்லதாப் போச்சு" என்றார் அவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினிலிருந்து எடுத்த துணி வாளியை அவர் பக்கம் நகர்த்தினேன். மாடியில் காயப்போடுவது இப்போது அவர் பொறுப்பு. கிளிப் போட மாட்டேன் என்கிறார், பாதி துணி பக்கத்து மாடிக்குப் போய்விடுகிறது.

பாக்கி 13,950 ரூபாயைத் தொடவில்லை. 2026 ஜனவரியில் மறுபடி ஆர்.டி. போட்டிருக்கிறேன், மாதம் 2,000. ஏசி, ஸ்டாண்ட், ஸ்டெபிலைசர், மாட்டுகிற கூலி, லைன் இழுக்கிற கூலி எல்லாம் சேர்த்து 39,700 தேறுவதற்குப் பதின்மூன்று மாதம் ஆகும். அதற்குள் ஒரு கத்திரி வெயிலும் ஒரு பத்தாம் வகுப்புப் பரீட்சையும் வந்து போய்விடும் என்று மகள் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறாள். நோட்டில் நான் ஆசைப் பக்கத்தில் எழுதியிருந்த ஏசியைப் பென்சிலால் அடித்துவிட்டு எதிர்ப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். இன்னும் அழிக்கவில்லை.