கிராஃபீன் ஓஎஸ்: இரண்டு ஆண்டுகளும் இரண்டாவது கைபேசியும்

2024 ஜனவரி முதல் என் அன்றாடக் கைபேசியில், ஆண்ட்ராய்டின் மூல நிரலைக் கொண்டு தனியுரிமைக்கும் பாதுகாப்புக்கும் முதலிடம் தந்து உருவாக்கப்பட்ட கிராஃபீன் ஓஎஸ் என்ற இயங்குதளம்தான் இயங்கி வருகிறது. கூகுளிடமிருந்து விலகி நிற்க விரும்புபவர் அதற்காக முதலில் கூகுளின் பிக்சல் கைபேசியைத்தான் வாங்கியாக வேண்டும் என்பது கேலிக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் வேறொரு இயங்குதளத்தை நிறுவிய பிறகும் பூட்லோடரை (கைபேசி விழிக்கும்போது இயங்குதளத்தைச் சரிபார்த்து ஏற்றும் நிரலை) அந்த இயங்குதளத்தின் சொந்த மின்னணுச் சாவியைக் கொண்டு மீண்டும் பூட்ட இடம் கொடுப்பதும், தனியான பாதுகாப்புச் சில்லு கொண்டதும், தவறாமல் பாதுகாப்புத் திருத்தங்கள் பெறுவதுமான கைபேசிகள் பிக்சலைத் தவிர அதிகம் இல்லை. நான் வாங்கியது பழைய பிக்சல் 7ஏ. முதலில் கடைக்காரர் கொடுத்தது வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்காகப் பூட்டப்பட்ட கைபேசி. அமைப்புகளில், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ என்ற வரி சாம்பல் நிறத்தில் தொட முடியாமல் கிடந்தது. பழைய பிக்சல் வாங்குவோர் பணத்தை எடுப்பதற்கு முன் அந்த ஒரு வரியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு நிறுவுவது எளிது: கணினியின் உலாவியிலிருந்தே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

இந்த இரண்டு ஆண்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது, எந்தச் செயலிக்கும் இணைய அனுமதியைத் தனியாக மறுக்கும் வசதி. நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் தமிழ் விசைப்பலகைச் செயலியின் வழியாகத்தான் போகிறது. அதற்கு இணையம் எதற்கு என்று நிறுவும்போதே மறுத்துவிட்டேன், இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் எழுதுகிறது. வாட்ஸ்அப் தொடர்புப் பட்டியலைக் கேட்டபோது, ‘கான்டாக்ட் ஸ்கோப்ஸ்’ என்ற வசதியின் வழியாகப் பதினோரு பேரை மட்டும் காட்டினேன். மற்றவர்கள் இருப்பதே அதற்குத் தெரியாது. கூகுள் பிளே சேவைகளும் இங்கே மற்றச் செயலிகளைப் போலச் சிறப்புரிமை ஏதுமின்றி இயங்குவதால், வேண்டாதபோது ஒரே தட்டில் நிறுத்திவிடலாம்.

பதினெட்டு மணி நேரம் பூட்டைத் திறக்காவிட்டால் கைபேசி தானாகவே மறுதொடக்கம் ஆகிவிடும். திருட்டுப் போனால் தரவு குறியாக்கத்துக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது நோக்கம். அதன் பின் பூட்டைத் திறக்கும்வரை பெரும்பாலான செயலிகள் இயங்கா. ஊர்த் திருவிழாவில் ஒரு பகல் முழுவதும் கைபேசியை மறந்துவிட்டு, மறுநாள் திறந்தபோதுதான் வாட்ஸ்அப் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. அந்தக் கால அளவை மாற்றிக்கொள்ளலாம், நான் மாற்றவில்லை.

இடர்ப்பாடு வங்கியில் தொடங்கியது. என் சேமிப்புக் கணக்குள்ள வங்கியின் செயலி முதல் ஓராண்டு ஒழுங்காக இயங்கியது. பிறகு ஒரு மேம்பாட்டுக்குப் பின் ‘இக்கருவி பாதுகாப்பற்றது’ என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது. இத்தகைய செயலிகள் பெரும்பாலும் கைபேசியும் இயங்குதளமும் நம்பத்தக்கவையா என்று பார்க்கும் கூகுளின் ‘பிளே இன்டெக்ரிட்டி’ என்ற சோதனையை நாடுகின்றன. கூகுள் சான்றளித்த இயங்குதளம் அல்லாததால், கிராஃபீன் ஓஎஸ் அதன் அடிப்படைப் படியை மட்டுமே தாண்டுகிறது. அதே செயலி, கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் வந்து மூன்று ஆண்டுகளான என் பழைய கைபேசியில் மறுபேச்சில்லாமல் திறந்ததுதான் வேடிக்கை. யுபிஐக்கு வங்கியில் பதிந்த சிம் அதே கைபேசியில் இருக்க வேண்டும் என்பதால், ஆதாருடனும் கணக்குடனும் இணைந்த எண் அந்தப் பழைய கைபேசிக்குப் போனது. அதன் பின்னாலேயே ஓடிபிக்களும் போயின. ஆக, நான் காக்க நினைத்தவற்றுள் மிக முக்கியமானது, என்னிடமுள்ள கருவிகளில் மிகப் பலவீனமானதில் இருக்கிறது. டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்கக்கூடப் பையிலிருந்து அதைத்தான் எடுக்கிறேன்.

இவ்வகை இயங்குதளங்களின் எதிர்காலத்தை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒருவர் உழைப்பில் நின்ற டைவெஸ்ட் ஓஎஸ் 2024 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. கேலிக்ஸ் ஓஎஸ் 2025 ஆகஸ்டில் வெளியீடுகளை நிறுத்திவைத்தது. 2025 ஜூனில் ஆண்ட்ராய்டு 16இன் மூல நிரலை வெளியிட்ட கூகுள், வழக்கமாக அதனுடன் வரும் பிக்சல் கருவிகளுக்கான நிரல்களை மட்டும் விட்டுவிட்டது. கிராஃபீன் குழு அவற்றைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரே நிறுவனத்தின் கருவியை நம்பியிருக்கும் இந்த நிலை மாறக்கூடும்: 2026 மார்ச்சில் மோட்டோரோலா, கிராஃபீன் ஓஎஸ் அறக்கட்டளையுடன் கூட்டுச் சேர்ந்திருப்பதாக அறிவித்தது. கருவிச் சிக்கல் அதனால் தீரலாம். வங்கிச் செயலியின் சோதனை அதனால் தீராது.

அதற்கும் வழி இல்லாமல் இல்லை. எந்த இயங்குதளம் இயங்குகிறது என்பதைக் கைபேசியின் பாதுகாப்பு வன்பொருளே உறுதிசெய்து சொல்லும், ஆண்ட்ராய்டிலேயே உள்ள வன்பொருள் சான்றளிப்பு முறையில், கிராஃபீன் ஓஎஸ்ஸின் சாவிகளை ஏற்கத்தக்கவை என்று ஒரு வங்கி தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் போதும். கூகுளைக் கேட்க வேண்டியதே இல்லை. இதை விளக்கி, குழு வெளியிட்டுள்ள வழிகாட்டியையும் இணைத்து என் வங்கிக்கு இருமுறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பார்க்குமாறு பதில் வந்தது. 7ஏ-க்கு 2028 மே வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அதுவரை மாதம் ஒருமுறை அந்தச் செயலியைத் திறந்து பார்ப்பதாக இருக்கிறேன்.