ஏழு வருடம் ஒரு 5400 ஆர்.பி.எம். ஹார்ட் டிஸ்க்கோடு

போன வாரம்தான் லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிப்பது) மாட்டினேன். கழற்றிய 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் மேஜைமேல் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து நண்பன் கேட்கிறான்: "பழைய லேப்டாப் ஒன்று மலிவாக வருகிறது, ஹார்ட் டிஸ்க்தான், வாங்கலாமா?"

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடத்தில் ஒரு பேட் செக்டர் (படிக்க முடியாமல் கெட்டுப்போன இடம்) கிடையாது, ஒரு ஃபைல் தொலைந்ததில்லை. பெரிய வீடியோவைக் காப்பி செய்தால் நொடிக்கு 100 எம்.பி. கொடுக்கும். டிஸ்க் நிறைய நிறைய, உள்ளே சுற்றும் தட்டின் உள்வட்டத்துக்குப் போனால் ஏறக்குறைய பாதியாகும். அது இந்த ஜாதிக்கே உள்ள குணம்.

எரிச்சல் அந்தக் கடகட சத்தத்தில். காலையில் ஆன் செய்துவிட்டுக் காபி குடித்து வந்தாலும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்றே நிற்கும். வேகம் பார்த்தால் 1 எம்.பி.கூட இருக்காது. வைரஸ் என்று நினைத்து ஒரு வருடம் அலைந்தேன். அப்புறம் ஒரு நாள், கல்லூரியில் போட்ட அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆர்.பி.எம். என்பது தட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது; 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி செகண்டு. வேண்டிய இடம் ஹெட்டுக்கு (தட்டைப் படிக்கும் முனை) கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 5.56. ஹெட் ஒரு டிராக்கிலிருந்து (தட்டிலுள்ள வட்டத் தடம்) இன்னொன்றுக்கு மாற ஒரு 12. 4 கே.பி.யைப் படிக்க வெறும் 0.04. மொத்தம் 17.6, கிட்டத்தட்ட முழுக்கக் காத்திருப்பு. நொடிக்கு 57 தடவை, அதாவது 230 கே.பி. சொச்சம். ஒரு சாஃப்ட்வேர் திறக்க இப்படி 5000 துணுக்குகள் வேண்டுமானால் 88 செகண்டு! பழுதே இல்லை, இதுதான் அதன் வேகம்.

7200 வாங்கியிருக்கலாமே என்பார்கள். அரைச் சுற்றில் மிச்சம் 1.4 மில்லி செகண்டு, அவ்வளவுதான்.

4 ஜி.பி. ரேம் நிறைந்துவிட்டால் இன்னும் கொடுமை, இடம் போதாததை டிஸ்க்கில் வைத்து எடுக்க வேண்டும். ரேமை ஒரு தடவை தொட 100 நானோ செகண்டு என்று வையுங்கள். லட்சத்தில் ஒரு தடவை டிஸ்க்குக்கு ஓட வேண்டி வந்தாலே சராசரி 276 நானோ செகண்டு ஆகிவிடும். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் லட்சத்தில் ஒன்றோடு நிற்குமா?

1956இல் ஐ.பி.எம். கொண்டுவந்த ரேமாக் டிஸ்க்கில் 50 லட்சம் எழுத்துகள் அடங்கும், ஒன்றை எடுக்கச் சராசரியாக 600 மில்லி செகண்டு. என் டிஸ்க்கில் இடம் இரண்டு லட்சம் மடங்கு. காத்திருப்பு குறைந்ததோ முப்பத்துச் சொச்சம் மடங்குதான்.

தேர்வில் இந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவன், கடையில் "1 டி.பி.யா, 128 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யா?" என்று கேட்டபோது கோட்டை விட்டேன். அந்தக் கோபத்தில் சொல்கிறேன்: ஹார்ட் டிஸ்க் லேப்டாப்புக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண். வாங்காதே.

மேஜைமேல் கிடப்பதைக் கேட்டுவிடாதே. யு.எஸ்.பி. கேஸ் ஆர்டர் போட்டிருக்கிறேன். வீட்டுப் போட்டோவெல்லாம் அதில்தான் இருக்கும், புது எஸ்.எஸ்.டி.மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.