பழைய ஓட்டோ கியருக்குப் புது ஒயில்: தொடாமல் விடுவதா, மெஷினில் கழுவுவதா, வடித்து வடித்து மாற்றுவதா?

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் டொயோட்டா கொரோலா 121 இன் மீற்றர் 187,000 கிலோமீற்றர் காட்டுகிறது. காட்டுகிறது என்று மட்டும்தான் சொல்வேன், எனக்கு முன் இரண்டு கை மாறிய கார். கியர் ஒயில் எப்போது மாற்றியது என்று விற்றவரிடம் கேட்டேன். "ஓட்டோ கியர்தானே தம்பி, அதெல்லாம் மாத்தத் தேவையில்லை" என்றார். கச்சான் காற்று அனலாய் அடித்த ஒரு பின்னேரம் டிப்ஸ்டிக்கை, ஒயில் அளவு பார்க்கும் கம்பியை, இழுத்து வெள்ளைத் தாளில் ஒற்றிப் பார்த்தேன். சிவப்பாய் இருக்கவேண்டிய ஒயில், பால் விடாத கோப்பி நிறத்தில் பரவியது.

அந்த வாரமே மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள். என் காரை வழக்கமாகப் பார்க்கும் கிண்ணியா நானா, "அதில கை வைக்காதீங்க தம்பி, கை வெச்சா பொக்ஸ் போயிரும்" என்றார், கியர்பொக்ஸைத்தான் சொல்கிறார். டவுனில் ஒரு சேர்விஸ் இடத்தில், மெஷின் போட்டு ஒரேயடியாய் முழுவதையும் மாற்றலாம் என்றார்கள். கொழும்பில் இருக்கும் மச்சான், வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாய் வடித்து நிரப்பு என்றான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்கள் திரும்ப வர 2025 ஆகிவிட்டது. வந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே, கையில் இருப்பதை இன்னும் பத்து வருடம் ஓட்டவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த அலசல்.

முதலில் நானாவின் கட்சி. இதைச் சும்மா மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஓட்டோ கியருக்குள் இருக்கும் கிளச் தட்டுகளில் காகிதம் போன்ற ஒரு மேற்பூச்சு ஒட்டியிருக்கும். வருடக்கணக்கில் அது தேய்ந்து தூளாகி ஒயிலோடு சுற்றிக்கொண்டிருக்கும். தேய்ந்த தட்டுக்கு அந்தத் தூள்தான் கொஞ்சம் பிடிப்புக் கொடுக்கிறது, புது ஒயில் விட்டால் அந்தப் பிடிப்பும் போய்விடும் என்பது கராஜ்களில் சொல்லும் காரணம். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் நான் விசாரித்த "ஒயில் மாத்தினதும் பொக்ஸ் போச்சு" கதைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு முன்கதை இருந்தது. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒயிலைப் பற்றியே யோசித்திருக்கிறார்கள். சாகக் கிடந்தவருக்கு விட்ட கடைசித் தண்ணீரில் பழி விழுந்த கதைதான்.

தொடாமல் விட்டால் என்ன ஆகும்? இந்த ஒயில் உராய்வைக் குறைக்க மட்டும் இல்லை. கியரை மாற்றும் அழுத்தம், எஞ்சினின் சுழற்சியைக் கடத்துவது, சூட்டை வெளியே எடுப்பது எல்லாமே அதன் தலையில்தான். ஒயிலின் வெப்பம் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. வைகாசி, ஆனி வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு மெயின் வீதியில் ஊர்ந்து, அதே சூட்டோடு கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஏறும் காருக்கு அந்தக் கணக்கு எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. "வாழ்நாள் ஒயில்" என்று கார்க் கம்பனிகள் எழுதுவதை நம்பினாலும், பல ஜெர்மன் கார்களுக்குக் கியர்பொக்ஸ் செய்து கொடுக்கும் ஸெட்எஃப் கம்பனியே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் மாற்று என்கிறது. செய்தவனே மாற்று என்கிறான், விற்றவன் வேண்டாம் என்கிறான். நான் செய்தவன் பக்கம்.

ஆனால் எந்த வழிக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. சூடேறிய காரில் பிரேக்கை மிதித்தபடி பி யிலிருந்து டி க்குப் போடுங்கள். இரண்டு செக்கனுக்கு மேல் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கிறதா? ஓடும்போது கியர் மாறும் நேரத்தில் எஞ்சின் சத்தம் கூடி, கார் மட்டும் பின்தங்குகிறதா? ஒயிலில் கருகிய வாடை வருகிறதா? இதெல்லாம் இருந்தால் ஒயில் வாங்கும் காசைச் சேமித்து வையுங்கள், பொக்ஸ் கழற்றும் செலவு வருகிறது. அந்த நிலையில் நானா சொல்வதே சரி. ஒயில் இளஞ்சிவப்பு மில்க்ஷேக் மாதிரி இருந்தால் அது வேறு நோய், ரேடியேட்டர்த் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது. பல கார்களில் கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்தான் இருக்கிறது. கிணற்று உவர்த் தண்ணீரையே ரேடியேட்டருக்கு ஊற்றி ஓட்டுகிறவர்கள் இதை ஒருதரம் யோசிக்கவேண்டும். குழாய் அரித்து ஓட்டையானால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

என் கார் வழுக்கவில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் ஒரு சின்ன உதறல். ஆகவே மிச்சம் இரண்டு வழிதான்.

மெஷின் வேலை செய்யும் விதம் அழகானது. குளிர்விப்புக் குழாயைக் கழற்றி நடுவில் மெஷினை மாட்டுவார்கள். கியர்பொக்ஸின் பம்ப் பழைய ஒயிலை வெளியே தள்ளத் தள்ள, அதே அளவு புதியது மறுபக்கத்தால் உள்ளே போகும். அரை மணி, முக்கால் மணியில் ஏறக்குறைய முழு ஒயிலும் புதிதாகிவிடும். தவறாமல் நேரத்துக்கு மாற்றி வந்த காருக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை. என்னுடையது போல வரலாறு தெரியாத காருக்குத்தான் பயம். வால்வ் பொடி என்கிற அலுமினியக் கட்டைக்குள் புழு அரித்த பாதை மாதிரி வளைந்து வளைந்து ஓடும் சின்ன வாய்க்கால்கள் உண்டு. புது ஒயிலில் கலந்திருக்கும் அழுக்கு நீக்கும் சரக்கு, பல வருடம் படிந்ததை ஒரே நாளில் கிளப்பிவிட்டால் அது போய்ச் சிக்கும் இடம் அதுதான். சில இடங்களில் அதற்கு முன்னால் கழுவும் திரவம் ஒன்றையும் ஊற்றுவார்கள். அதை நான் எந்தப் பழைய பொக்ஸுக்கும் விடமாட்டேன். இன்னொரு கேள்வியும் இருக்கிறது: எனக்கு முன்னால் அந்த மெஷின் எந்தக் காருக்குப் போட்டது? சிவிடி (பல்லுச் சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஓட்டோ வகை, அதன் ஒயிலே வேறு) காராக இருந்தால் மெஷினின் குழாயில் நின்ற மிச்சமும் என் பொக்ஸுக்குத்தான் வரும். கேட்டேன். பதில் சொன்னவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

மெஷினுக்கு ஒயிலும் நிறையப் போகும். முழுக் கொள்ளளவுக்கு மேலேயும் விட்டுத் தள்ளவேண்டும் என்பதால் பத்து லீற்றர் தாண்டிவிடும். கூலி வேறு.

மச்சான் சொன்ன வழியில் கணக்குத்தான் முக்கியம். இந்தக் காரின் பொக்ஸில் மொத்தம் ஆறரை லீற்றர் அளவு ஒயில். கீழே நட்டைக் கழற்றினால் சுமார் மூன்று லீற்றர் வரும். மிச்சம், எஞ்சினின் சுழற்சியை ஒயிலால் கடத்தும் டோர்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் நின்றுவிடும், வடியாது. ஆகவே முதல் முறை வடித்து நிரப்பினால் பாதிக்குச் சற்றுக் குறைய, 46 வீதம் புது ஒயில். ஓட்டிவிட்டு இரண்டாம் முறை வடித்தால் 70 வீதத்துக்குச் சற்று மேல். மூன்றாம் முறை 84. ஒவ்வொரு முறையும் நல்ல ஒயிலிலும் ஒரு பங்கு வீணாய் வெளியே போவதுதான் இதன் குறை. ஆனால் அந்த மெதுவான போக்குத்தான் எனக்கு வேண்டியது: படிந்தது ஒரேயடியாய்க் கிளம்பாது, முதல் முறைக்குப் பிறகு ஏதாவது மாற்றம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தவும் முடியும். ஹோண்டாவும் தன் ஓட்டோ கார்களுக்கு மெஷினை விட்டுவிட்டு, வடித்து, நிரப்பி, ஓட்டி, திரும்ப வடிக்கும் இதே முறையைத்தான் சொல்லி வந்திருக்கிறது.

முதல் முறையில் சம்பையும், அதாவது பொக்ஸின் அடியில் ஒயில் நிற்கும் தட்டையும், கழற்றினேன். நட்டால் வடிப்பது பத்து நிமிட வேலை, சம்ப் அரை நாளைத் தின்னும். இருந்தாலும் ஒருதரம் கழற்றாமல் பொக்ஸின் நிலைமை தெரியாது. உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை, திருநீற்றைக் குழைத்துக் கறுப்பாக்கினது போல. விரலில் எடுத்து உரசினால் மா மாதிரி வழுவழுப்பாய் இருக்கவேண்டும், அது சாதாரணத் தேய்மானம். நகம் போலச் சீவல்களோ ஊசி போல இரும்போ தட்டுப்பட்டால் மூடிவிட்டு நல்ல கியர்பொக்ஸ் மெக்கானிக்கைத் தேடவேண்டியதுதான். எனக்கு மா மட்டும்தான் இருந்தது. காந்தங்களைத் துடைத்து, பில்டரும் கேஸ்கட்டும் புதிதாய்ப் போட்டேன். சம்ப் போல்ட்டுகளுக்குப் பலம் காட்டக்கூடாது. சின்னப் போல்ட், அலுமினியத்தில் ஏறுகிறது. முறுக்கி உடைத்தால் மிச்சம் முழுநாள் அழுகை.

ஒயில் அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வடித்ததை வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி அளந்து, அதே அளவு புதியதை டிப்ஸ்டிக் குழாயால் விட்டேன். சூடாய் வடித்தால் ஆறவிட்டு அளக்கவேண்டும், சூட்டில் ஒயில் பெருகி நிற்கும். பிறகு நிலாவெளி வரை போய் வந்து, சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தாமல், எல்லாக் கியருக்கும் ஒருமுறை போட்டு பி க்கு வந்து டிப்ஸ்டிக்கில் சூட்டு அளவைப் பார்த்தேன். கூடினாலும் குறைந்தாலும் ஒயிலில் காற்று கலந்து நுரைக்கும். எல்லாக் காருக்கும் இதே முறை இல்லை. ஹோண்டாவில் எஞ்சினை நிறுத்திய கையோடு பார்க்கவேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத கார்களில் ஒயில் வெப்பத்தை அளந்து வழிவு நட்டால் பார்ப்பார்கள், அதை வீட்டில் செய்ய முயலாதீர்கள். நண்பர் ஒருவருடைய காருக்கு எஞ்சின் ஒயில் மாற்ற விட்ட இடத்தில் கியர் நட்டைக் கழற்றி வடித்துவிட்டு, புது எஞ்சின் ஒயிலைப் பழைய எஞ்சின் ஒயிலின் மேலேயே ஊற்றிவிட்டார்கள். கார் வாசலைத் தாண்டவில்லை. ஆகவே வேறு யாரிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நில்லுங்கள், வரும் ஒயிலின் நிறத்தைப் பாருங்கள்.

எந்த ஒயில் என்பதற்கு நீண்ட விவாதம் வேண்டாம். டொயோட்டாவின் டிப்ஸ்டிக்கிலேயே அச்சடித்திருக்கும், என்னுடையதில் டி-ஃபோர். பின்னால் வந்த டொயோட்டாக்களுக்கு டபிள்யூஎஸ், அது டி-ஃபோரைவிட மெல்லியது, இரண்டையும் கலக்கக்கூடாது. "எல்லாக் காருக்கும்" என்று எழுதிய கேன்கள் மலிவுதான், நல்ல கம்பனியாய் இருந்து டி-ஃபோருக்குப் பொருந்தும் என்று பின்னால் எழுதியிருந்தால் ஓடும். ஆனால் மூன்று முறைக்கு ஒன்பது லீற்றர்தான் போகிறது, அதில் கஞ்சம் பிடித்து என்ன மிச்சம்? நான் நாலு லீற்றர் ஜப்பான் தகரங்கள் மூன்று எடுத்தேன், சீல் உடையாததைப் பார்த்து. சிவிடி காருக்கு இந்தச் சிவப்பு ஒயிலை ஒரு துளியும் விடவேண்டாம், அதற்கென்று சிவிடி ஒயில் இருக்கிறது.

முதல் முறைக்குப் பின் ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டினேன். இரண்டாம் முறைக்குப் பிறகு ஹபரணைப் பாதையால் கொழும்பு போய் வந்து மூன்றாவதை வடித்தேன். இரண்டிலிருந்து மூன்றுக்கான உதறல் இரண்டாம் முறையோடு தேடிப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு வந்தது. பெற்றோல் செலவில் ஒரு மாற்றமும் இல்லை.

மூன்று முறையிலும் ஒவ்வொரு போத்தல் எடுத்து மதில்மேல் வரிசையாய் வைத்திருந்தேன். முதலாவது கோப்பி, இரண்டாவது பிளேன்டி, மூன்றாவது கொஞ்சம் கறுத்த சர்பத். வேறு வேலையாய் வந்த நானா நின்று ஒவ்வொன்றாய் வெயிலில் தூக்கிப் பார்த்தார். பொக்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இதக் கடல் பக்கம் ஊத்திப் போடாதீங்க தம்பி, நம்மட வேலிக் கட்டைக்குக் கறையான் பிடிக்குது" என்று கோப்பிப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.